பழைய வார்ப்பிரும்புச் சட்டி: உரிப்பதா, விட்டுவைப்பதா, அப்படியே கொடுப்பதா?

துருவேறிய வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "இதை எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்?" என்பதுதான். வினிகரில் ஊறவை என்பார் ஒருவர். நெருப்பில் போடு என்பார் இன்னொருவர். பட்டறையில் கொடுத்துச் சாணை பிடித்துவிடு என்பார் மூன்றாமவர். மூவரும் சட்டியின் தோற்றத்தைப் பார்த்தே சொல்கிறார்கள். நான் வேறு இரண்டு கேள்விகளில் தொடங்குவேன். இந்தச் சட்டி இதுவரை யாரிடம், எப்படிப் புழங்கியது என்று நமக்குத் தெரியுமா? இனி யாருடைய அடுப்புக்குப் போகப்போகிறது? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் எந்த வழி என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். அழுக்கு எவ்வளவு என்பது அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் சட்டி தேறுமா?

தேறாத சட்டிக்கு ஒரு வாரம் உழைப்பதைவிட வீண் வேலை இல்லை. ஆகவே வாளியும் நாரும் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிடலாம்.

வார்ப்பிரும்பில் கரியின் பங்கு 2 சதவீதத்துக்கு மேல். அது உலோகத்துக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கும். அதனால் அது வளைந்து கொடுக்காது, உடையும். கீழே விழுந்தாலோ, சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டாலோ விரிசல் விடும். விட்ட விரிசல் அடுப்பேறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கைப்பிடியை இரண்டு விரல்களால் தூக்கித் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். முழுச் சட்டி கணீரென்று ஒலிக்கும். ஒலி சற்று நேரம் காதில் நிற்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று அங்கேயே அடங்கிவிடும். கரிப் பொருக்கு தடிமனாக இருந்தாலும் ஒலி மங்கும் என்பதால், சுத்தம் செய்த பிறகு இன்னொரு முறை தட்டிப் பார்ப்பது நல்லது. விரிசலைப் பற்றவைக்க முடியாதா என்றால், முடியும். சட்டி முழுவதையும் முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். உடைந்த இயந்திரப் பாகத்துக்குச் செய்கிற வேலை அது. சமையல் சட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடிப்பாகம் கோணியிருக்கிறதா என்பது அடுத்தது. தட்டையான கண்ணாடி மேசைமேல் வைத்து விளிம்பை விரலால் அழுத்தினால் ஆடுவது தெரிந்துவிடும். இங்கே "யாருக்குப் போகிறது" என்ற கேள்வி நேராக வந்து நிற்கிறது. சுடர் எரியும் அடுப்பில் சமைப்பவருக்கு லேசான கோணல் ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்பிலும் இண்டக்‌ஷன் அடுப்பிலும் சட்டி முழுதாகப் படிய வேண்டும். கோணிய சட்டி அங்கே உதவாது. ஒரே சட்டி ஒருவருக்குப் பொக்கிஷமாகவும் இன்னொருவருக்கு இடைஞ்சலாகவும் இருப்பது இப்படித்தான்.

காரீயம் (lead) என்ற நச்சு உலோகத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. அது 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். தூண்டிலுக்கும் துப்பாக்கிக்கும் குண்டு வார்த்தவர்கள் அதை உருக்கப் பழைய இரும்புச் சட்டிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கடந்தகாலம் தெரியாத சட்டியின் உள்மூலைகளில் மங்கிய வெள்ளிநிறப் பூச்சோ, சிறு சொட்டுகளோ தென்பட்டால் சந்தேகப்படுங்கள். துடைத்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகள் கிடைக்கின்றன. காரீயம் இருப்பதாகக் காட்டினால் அந்தச் சட்டியில் சமைக்கக் கூடாது. முழுதாகப் போய்விட்டது என்று வீட்டிலிருந்து உறுதி சொல்ல வழியில்லை.

குழிகுழியாக அரித்திருந்தால் பயப்பட வேண்டாம். ஆழமில்லாத குழிகள் புழக்கத்தில் எண்ணெய்ப் படலத்தால் ஓரளவு நிரம்பிவிடும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு வேறு சாதி. இங்கே சொல்லப்போகும் எந்த வழியும் அதற்குப் பொருந்தாது. உட்புற எனாமல் பெயர்ந்திருந்தால் அதைச் சமையலிலிருந்து ஒதுக்கிவிடுங்கள்.

பாட்டி காலத்துக் கறுப்பு

சட்டி தேறியது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உண்மையான தேர்வு: இருக்கிற கறுப்பை வைத்துக்கொள்வதா, வெறும் இரும்பு வரை உரித்துவிட்டுப் புதிதாகப் பழக்குவதா?

அந்தக் கறுப்பில் இரண்டு பொருள்கள் உண்டு. எண்ணெயைப் புகை கிளம்பும் சூட்டுக்குக் கொண்டுபோகும்போது, அதிலுள்ள நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கெட்டியான படலமாக இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. பழகிய சட்டி என்று நாம் சொல்வது இந்தப் படலத்தைத்தான். இன்னொன்று கரிப் பொருக்கு. கருகிய உணவும் சரியாக இறுகாத எண்ணெயும் அடுப்புப் புகையும் சேர்ந்து, பெரும்பாலும் வெளிப்புறத்திலும் உள்விளிம்பைச் சுற்றியும் ஏறியிருக்கும். மரக்கரண்டியின் விளிம்பால் அழுத்திச் சுரண்டினால் செதிலாக உதிர்வது பொருக்கு. அசையாமல் வழுவழுவென்று நிற்பது படலம். விரலில் பிசுபிசுத்தால் அது இரண்டும் இல்லை. வெறுமனே காய்ந்த எண்ணெய்.

பரம்பரைச் சட்டிகளைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. மூன்று தலைமுறைச் சமையலும் அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது, உரித்தால் எல்லாம் போய்விடும் என்பது அது. அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் இரும்பின் நடப்பு வேறு. உட்புறப் படலம் ஒவ்வொரு சுரண்டலிலும், ஒவ்வொரு புளிப்பான சமையலிலும் கொஞ்சம் தேய்கிறது. அடுத்த எண்ணெயில் கொஞ்சம் வளர்கிறது. இன்று நீங்கள் தடவிப் பார்ப்பது பெரும்பாலும் கடைசியாகச் சமைத்தவர் உண்டாக்கியது. உண்மையிலேயே பழையது எதுவென்றால் வெளியே ஒட்டியிருக்கும் பொருக்குதான். அதை யாரும் போற்றுவதாகத் தெரியவில்லை. தலைமுறை தாண்டி வருவது இரும்பும் அதன் வழுவழுப்பான முகமும். பழைய சட்டிகள் பலவற்றில் வார்த்த பிறகு உட்புறத்தை இயந்திரத்தால் இழைத்துவிடுவார்கள். அந்த இழைப்பு எந்தக் காஸ்டிக் சோடாவிலும் போகாது.

அதற்காக எல்லாவற்றையும் உரித்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. உரித்தால் பெரிதாக எதுவும் இழப்பில்லை. ஆனால் நன்றாக இருக்கும் சட்டியை உரிப்பதில் லாபமும் இல்லை. நேற்றுவரை உங்களுக்குத் தெரிந்த ஒருவர் சமைத்துக்கொண்டிருந்த சட்டி, உட்புறம் சீராகக் கறுத்து, எதுவும் உதிராமல் இருக்கிறதா? வெந்நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் முடிந்தது. சோப்பு படக்கூடாது என்ற பழைய எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. அந்தக்கால சோப்பில் எஞ்சியிருந்த காரம் படலத்தைக் கரைத்தது. இன்றைய பாத்திரத் திரவங்கள் அதைச் செய்வதில்லை. இங்கும் அங்கும் துருப்புள்ளி இருந்தால் கரகரப்பான உப்பும் சில சொட்டு எண்ணெயும் போட்டுத் துணியால் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி எண்ணெய் கொடுத்துச் சூடேற்றலாம்.

கடந்தகாலம் தெரியாத சட்டி என்றால் என் பதில் மாறிவிடும். பழைய சாமான் குவியலிலிருந்து வந்ததையோ, யாரோ கொட்டகையில் போட்டுவைத்திருந்ததையோ உரிக்காமல், சமைப்பதற்கென்று இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டேன். அந்தக் கறுப்புக்குள் என்ன எண்ணெய், என்ன வேதிப்பொருள் என்று தெரியாது. விரிசலும் காரீயமும் பொருக்குக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நாமே சமைப்பதானால் நம் ஆபத்து நம்மோடு. கொடுக்கும் பொருளுக்கு நாம் உத்தரவாதம் சொல்ல வேண்டும்.

உரிக்கும் வழிகளில் எது?

வேண்டாதவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன்.

நெருப்பில் போடுவதுதான் இருப்பதிலேயே வேகமானது. செலவும் இல்லை. விறகுக் கனலில் ஒரு மணி நேரம் கிடந்தால் பொருக்கு சாம்பலாகிவிடும். சிலருக்கு ஒரு கெடுதலும் நேர்வதில்லை. அவர்கள்தாம் இந்த வழியை உரக்கப் பரிந்துரைப்பவர்கள். ஆனால் கனலின் சூடு நம் கையில் இல்லை. சட்டியின் ஒரு பக்கம் மங்கிய செந்நிறமாகப் பழுத்தால் அங்கே சூடு 500 பாகையைத் தாண்டிவிட்டது என்று பொருள். மறுபக்கம் அதில் பாதிகூட இருக்காது. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாதபோது சட்டி கோணுகிறது, சில சமயம் பிளக்கிறது. பிழைத்தாலும் மேற்பரப்பு செம்பாறை நிறத்துக்கு மாறி, பிறகு எந்த எண்ணெயையும் சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. அப்படி வெந்துபோன இரும்பை மீட்க வழி கிடையாது. காரீயம் இருந்திருந்தால் அதன் புகையையும் சுவாசித்திருப்பீர்கள். தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் ஓவனில் வைப்பது இதன் நாகரிக வடிவம். அங்கே சூடு 480 பாகை அளவில் சீராக நிற்கும் என்றாலும், கொழுப்புப் புகையும் கோணும் ஆபத்தும் அப்படியே இருக்கின்றன. நூற்றில் எத்தனை கெட்டுப்போகும் என்பது முக்கியமில்லை. கெட்டுப்போகும் அந்த ஒன்று உங்களிடம் இருக்கும் ஒரே சட்டியாக இருக்கக்கூடும்.

சாணை பிடிப்பதும் உப்புத்தாள் பூட்டிய இயந்திரத்தால் இழைப்பதும் அழுக்கோடு இரும்பையும் எடுத்துவிடும். மணல் அச்சின் சொரசொரப்போடு விற்கப்படும் புதுச் சட்டியை வழுவழுப்பாக்க ஒருவர் இழைத்துக்கொண்டால் அது அவர் விருப்பம். அளவுக்கு மீறிப் பளபளப்பாக்கினால் படலம் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பழைய சட்டியின் கதை வேறு. அதன் முகத்திலும் முதுகிலும் அதன் வயது எழுதியிருக்கிறது. 1707-இல் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பாத்திரம் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு நீண்டகாலம், உருகிய இரும்பை அச்சின் அடிப்பக்க வழியாக ஊற்றுவதே வழக்கமாக இருந்தது. அப்படி ஊற்றிய இடத்தை உடைத்தெடுத்த தழும்பு, ஒரு நீளக் கோடாக அடிப்பாகத்தில் நின்றுவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கவாட்டில் ஊற்றும் முறை பரவியபோது அந்தத் தழும்பும் மறைந்தது. அழுக்கு என்று நினைத்து அந்தக் கோட்டைச் சாணையில் கொடுத்து வழித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஈரி நகரில் 1865 முதல் 1957 வரை இயங்கிய கிரிஸ்வோல்ட் என்ற சட்டி வார்க்கும் நிறுவனத்தின் முத்திரையோ, ஒஹாயோ மாநிலத்துச் சிட்னியில் 1891-இல் தொடங்கிய வாக்னரின் முத்திரையோ பொருக்குக்குள் மறைந்திருக்கலாம். சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். இழைத்த சட்டியை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மிச்சம் இருப்பவை காஸ்டிக் சோடாவும் மின்பகுப்பும். துருவுக்குத் துணையாக வினிகர்.

காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைக்கும், இரும்பைத் தொடாது. இதுதான் அதன் பெருமை. மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் தண்ணீர், அதில் அரைக் கிலோ காஸ்டிக் சோடா என்ற அளவு போதும். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கலக்கும்போது வாளி நன்றாகச் சுடும். முழங்கை வரை ரப்பர் உறையும் கண்ணை மூடும் கண்ணாடியும் இல்லாமல் இதன் பக்கமே போகாதீர்கள். தோலில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். அலுமினியம் எந்த வடிவிலும் உள்ளே போகக் கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து எரியக்கூடிய ஹைட்ரஜனைக் கிளப்பும். மரக் கைப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளும் வளர்ப்பு விலங்குகளும் வரும் இடத்தில் வாளியை வைப்பதாக இருந்தால் இந்த வழியையே மறந்துவிடுவது நல்லது.

பிறகு காத்திருப்புத்தான். மெல்லிய பொருக்கு இரண்டு மூன்று நாளில் விடும். கெட்டியானதற்கு வாரங்கள்கூட ஆகும், அதுவும் குளிர்காலமானால். மறந்துபோனாலும் சட்டிக்குக் கெடுதல் இல்லை என்பது சோம்பேறிகளுக்கு வரம். அவ்வப்போது வெளியே எடுத்து, இரும்பு நாரால் தண்ணீருக்கு அடியிலேயே தேய்த்தால் கரி குழம்பாக வழியும். விளிம்பின் மடிப்பிலிருந்தும், கைப்பிடி சட்டியோடு சேரும் மூலையிலிருந்தும் கடைசியில் வரும். கழுவிப் பார்க்கும்போது அடிப்பாகத்தில் அதுவரை யார் கண்ணிலும் படாத ஓர் எண்ணோ எழுத்தோ சாம்பல்நிற இரும்பில் எழும்பி நிற்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. ஒரே சட்டிக்காக வாளி நிறையக் கரைசல் வேண்டாம் என்றால், சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ஓவன் துப்புரவு நுரையைத் தெளித்து, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ஓரிரு நாள் வைக்கலாம். அதுவும் இதே வேதியியல்தான். நெடியில்லாதது என்று விற்கப்படும் சில வகைகளில் அந்தப் பொருளே இருக்காது. சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

காஸ்டிக் சோடாவால் முடியாதது ஒன்று உண்டு: துரு. பொருக்கையும் துருவையும் ஒருசேர எடுப்பது மின்பகுப்பு. சலவைச் சோடா கரைத்த நீரில் சட்டியை முக்கி, 12 வோல்ட் மின்கல மின்னேற்றியின் எதிர்முனையைச் சட்டியோடும், நேர்முனையைத் தியாகத்துக்கென்று வைத்த ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைக்க வேண்டும். நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா போதும். சட்டியிலிருந்து குமிழ் கிளம்பும். துரு தளர்ந்து சேறாகும். முனைகளை மாற்றி இணைத்தால் தகட்டுக்குப் பதில் சட்டி கரையத் தொடங்கும். தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகி நீரில் கலந்துவிடும். சலவைச் சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வரும். குமிழாக வருவது ஹைட்ரஜன் என்பதால் திறந்தவெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இன்னொரு சிக்கல்: மின்கலம் இருக்கிறதா என்று தானே பார்த்து இயங்கும் புதுவகை மின்னேற்றிகள் இதற்கு மின்சாரமே தராது. பழைய, எளிய வகை வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு சட்டிக்காக என்றால் மிகை. ஏழெட்டுச் சட்டிகள் குவிந்திருந்தாலோ, துரு செதில் செதிலாக ஏறியிருந்தாலோதான் நான் மின்பகுப்பின் பக்கம் போவேன். ஒன்றிரண்டுக்குக் காஸ்டிக் சோடா, அதற்குப் பின் கொஞ்ச நேரம் வினிகர்.

அந்த "கொஞ்ச நேரம்" முக்கியம். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பையே தின்னத் தொடங்கும். இரவு முழுக்க ஊறிய சட்டியின் முகம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் ஆகிவிடும். பலர் இதையே முதல் வேலையாகச் செய்துவிட்டு, ஒன்றும் போகவில்லை என்கிறார்கள். எண்ணெய்ப் பொருக்கை ஊடுருவி அமிலம் போகாது. முதலில் பொருக்கு, பிறகு துரு என்பதே வரிசை. இரண்டு கரைசல்களும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதால் இடையில் சட்டியை நன்றாக அலச வேண்டும்.

வினிகரிலிருந்து எடுத்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, துணியால் துடைக்கிற அந்த ஓரிரு நிமிடங்களிலேயே சாம்பல்நிற இரும்பின் மேல் மெல்லிய ஆரஞ்சு நிறம் படரும். பதறி மறுபடி வினிகருக்குள் போடாதீர்கள். அது வெறும் மேல்துரு. உடனே மிதமான சூட்டில் காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிடும்.

எண்ணெய்

எந்த எண்ணெயால் பழக்குவது என்று சண்டையிடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். சண்டைக்கு வேண்டிய அளவு வேறுபாடு அதில் இல்லை. ஆளிவிதை எண்ணெய் மிக இறுக்கமான, கண்ணாடி போன்ற பளபளப்பைத் தரும். படம் எடுக்க அழகு. ஆனால் சில மாதப் புழக்கத்தில் செதிலாகப் பெயர்கிறது என்ற புகார் பரவலாக உண்டு. நானும் அதை நம்பும் கட்சி. மர வேலைக்கு விற்கும் 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெயில் உலோக உலர்த்திகள் கலந்திருக்கும், அது சமையல் பாத்திரத்துக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானே தீப்பற்றும் என்பதும் உண்மை. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே மிகுதி. அது பின்னிக்கொள்ளத் தயங்கும். தினச் சமையலுக்குச் சரி, அடிப்படைப் பூச்சுக்கு வேண்டாம். சோயா, சூரியகாந்தி, கனோலா போன்றவை நடுவில் நிற்கின்றன. அடுத்தவருக்குக் கொடுக்கும் சட்டி என்றால் நான் இவற்றில் ஒன்றைத்தான் எடுப்பேன். அவர் சமையலறையிலும் இருக்கக்கூடிய எண்ணெய் என்பதால் பூச்சைத் தொடர்வது அவருக்கு எளிது.

எண்ணெயின் வகையைவிட அளவுதான் காரியத்தைக் கெடுக்கிறது. கை பொறுக்கும் சூட்டில் சட்டி முழுவதும், கைப்பிடி உட்பட, எண்ணெய் தடவுங்கள். பிறகு தவறிப்போய்த் தடவிவிட்டதுபோல் முழுவதையும் துடைத்தெடுங்கள். உலர்ந்த துணி கொண்டு இன்னொரு முறையும் துடைக்க வேண்டும். ஒன்றுமே மிச்சமில்லை, வீணாகத் துடைத்துவிட்டோமோ என்று தோன்றும்போது அளவு சரியாக இருக்கும். கவிழ்த்து வைத்து, 230 முதல் 250 பாகையில் ஒரு மணி நேரம். பிறகு ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை. முதல் பூச்சுக்குப் பிறகு சட்டி பழுப்பாக இருப்பதைக் கண்டு கைவிடாதீர்கள். கறுப்பு பின்னால் வரும். பிசுபிசுப்போ, முத்துமுத்தான கட்டிகளோ தென்பட்டால் எண்ணெய் கூடிவிட்டது. ஓவன் இல்லாதவர்கள் அடுப்பின் மேலேயே மெல்லிய தீயில், சட்டியை நகர்த்தி நகர்த்திச் செய்யலாம். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளுமே தவிர, அலுமினியத்தைப்போல விரைந்து பரப்பாது. எனவே நடு கறுத்து ஓரம் வெளுத்திருக்கும். அழகு குறைவு, சமையலுக்குக் குறைவில்லை.

எந்த நிலையில் கைமாற்றுவது?

உடனே சமைக்கத் தயாராகப் பழக்கிக் கொடுக்கலாம். உரித்து, எண்ணெய் மட்டும் தடவி, மீதியை வாங்குபவரிடம் விடலாம். துருவோடும் கதையோடும் அப்படியே தூக்கிக் கொடுக்கலாம். யார் வாங்குகிறார் என்பதுதான் இங்கே தீர்ப்பு.

வார்ப்பிரும்பில் இதுவரை சமைக்காதவருக்குப் பழக்கிய சட்டிதான் ஏற்றது. அதுவும் நீங்களே சில வாரம் சமைத்த பிறகு. ஓவனில் ஏறிய பூச்சு ஒரு தொடக்கமே. எண்ணெயில் சில சமையல் கண்ட பிறகுதான் சட்டி ஒட்டாமல் ஒத்துழைக்கும். முதல் நாளே ஒட்டிக்கொண்டால் அவர் அதைப் பரணில் ஏற்றிவிடுவார். ஐந்து வருடத்தில் மறுபடி துரு. கைவேலையில் ஆர்வமுள்ளவருக்கு, உரித்து எண்ணெய் தடவிய வெறும் இரும்பைக் கொடுங்கள். பழக்கும் வேலை அவரைச் சட்டியோடு பிணைத்துவிடும். சேகரிப்பவருக்கு எதுவும் செய்யாதீர்கள். தேய்க்கவும் வேண்டாம், அவருக்கென்று ஒரு முறை இருக்கும், உங்கள் கை பட்டது அவர் கண்ணில் குறையாகவே படும். துருவோடு கொடுப்பது அவருக்கு மட்டுமே மரியாதை. மற்றவர்களுக்கு அது ஒரு வேலையைத் தலையில் கட்டுவது.

வீட்டில் பலருக்கு உரிமை உள்ள சட்டி என்றால் மூத்தவர், இளையவர் என்ற வரிசையை நான் பொருட்படுத்த மாட்டேன். வாரத்துக்கு ஒருமுறையாவது அடுப்பேற்றப் போவது யார் என்று பார்ப்பேன். வார்ப்பிரும்புக்கு ஓய்வு ஆகாது. இன்னொன்று, எடை. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வாணலி மூன்றரைக் கிலோ அளவுக்கு வரும். உள்ளே உணவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிய பிறகும் "என் காலத்துக்குப் பின் எடுத்துக்கொள்" என்று வைத்திருப்பதைவிட, இப்போதே கொடுத்துவிட்டு, அவர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று தீயைக் குறை, கூட்டு என்று சொல்வது எவ்வளவோ மேல். சட்டியின் சூட்டுக் கணக்கை எந்தக் காகிதமும் சொல்லித் தராது.

இருந்தாலும் ஒரு காகிதம் எழுதிக் கொடுங்கள். எதைக் கொண்டு உரித்தீர்கள், எந்த எண்ணெயால் பழக்கினீர்கள், அடி சமமாக இருக்கிறதா, காரீயச் சோதனை செய்தீர்களா, அதற்கு முன் யாரிடம் இருந்தது என்ற விவரங்கள் போதும். பூச்சில் நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய் இருந்தால் ஒவ்வாமை உள்ளவருக்கு அது தெரிய வேண்டும். உடலில் இரும்புச்சத்து மிகுந்து சேரும் நோய் உள்ளவர் வீட்டுக்குக் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பிலிருந்து உணவில் இரும்பு இறங்குகிறது. புளிப்பான சமையலில் இன்னும் அதிகமாக.

வாங்குபவர் உடனே சமைக்கப்போவதில்லை, வீடு மாறிய பிறகுதான் எடுப்பார் என்றால், சமையல் எண்ணெய் தடவி மூடி வைக்காதீர்கள். சில மாதத்தில் சிக்கு வாடையோடு பிசினாகிவிடும். உணவுத்தர மினரல் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, காகிதத்தில் சுற்றி, மூடி இருந்தால் இடையே ஒரு காகித மடிப்பு வைத்துக் காற்றுப் போகவிடுங்கள்.

விரிசல் விட்டதை மண் நிரப்பிச் செடி வைக்கவோ, கதவுக்கு முட்டுக்கொடுக்கவோ வைத்துக்கொள்ளலாம். காரீயம் பட்டதை அதற்கும் வைக்காதீர்கள். அடியில் அழியாத மையால் "காரீயம், சமைக்கக் கூடாது" என்று எழுதி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் விவரம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். பழைய இரும்பு எடுப்பவரிடம் போடுவதானாலும் அந்த விவரத்தைச் சொல்லிவிட்டே போட வேண்டும். இல்லையென்றால் அது துடைக்கப்பட்டு இன்னொருவர் அடுப்பில் ஏறிவிடும்.